துணியில் புடைத்த வரலாறு

கலை வரலாறு என்னும் பெயரால் நம் மாணவர் படிப்பது பெரும்பாலும் கல்லின் வரலாறும் செம்பின் வரலாறுமே ஆகும். மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவர். அதே புடைப்பைக் கல்லில் அன்றித் துணியிலே, உளியால் அன்றி ஊசியாலே, பல நூற்றாண்டுகளாக உருவாக்கி வந்த கைகளைப் பற்றிக் கேட்டால் விழிப்பர். குற்றம் மாணவருடையது அன்று. கல் நிலைத்தது, துணி இற்றுப்போயிற்று என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி உண்மை என்னவெனில், ஊசி பிடித்த கை பெரும்பாலும் பெண்ணின் கையாகவோ வறிய தொழிலாளியின் கையாகவோ இருந்தது என்பதாகும். அக்கையின் வேலையைக் கலை என்று ஏற்க, வரலாறு எழுதியோருக்கு மனம் வரவில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது தையற்கலையின் ஒரு பிரிவு மட்டுமே. துணியின் மேற்பரப்பில் பூவேலை செய்வதோடு நில்லாமல், அடியிலே பஞ்சோ கம்பளியோ நூற்கயிறோ வைத்து உருவத்தை மேலெழச் செய்து, முத்து, கண்ணாடி, காசு, சோழி, வண்டின் சிறகு முதலான பொருள்களையும் அதன்மேல் பதிக்கும் வேலை அது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதனை ‘எழுப்பிய வேலை’ என்றனர். ‘ஸ்டம்ப் வேர்க்’ என்னும் பெயர் பிற்காலத்தில் ஏற்பட்டது. சிற்பத்துக்கு வழங்கும் சொல்லையே கடன்வாங்கிப் ‘புடைப்புத் தையல்’ என்று நாம் சொல்லலாம்.

இதன் செய்முறையை அறிந்துகொள்ளாமல் இதன் வரலாற்றை அறிய இயலாது. ஓர் இலையையோ கனியையோ எழுப்ப வேண்டுமாயின், கம்பளித் துணியை ஒன்றைவிட ஒன்று சிறிதாகப் பல துண்டுகளாக வெட்டுவர். மிகச் சிறிய துண்டை முதலில் தைத்து, அதன்மேல் அதனிற் பெரியதை, அதன்மேல் இன்னும் பெரியதை என அடுக்குவர். அப்போதுதான் விளிம்பு தாழ்ந்து நடு உயரும். பொற்கம்பி வேலையாயின், கம்பியைச் சுருளாக்கி, வேண்டிய அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்து, அப்புடைப்பின் மேல் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்துத் தைப்பர். தட்டையான பொன் ஒருபுறமே ஒளிவிடும். வளைந்த பொன்னோ பார்ப்பவன் நகர நகர ஒளியும் நிழலுமாக மாறிக்கொண்டிருக்கும். அந்த ஒளிக்குக் காரணம் பொன் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கும் பஞ்சுந்தான்.

கண்ணாடித் துண்டைப் பதிப்பது இன்னொரு நுட்பம். கண்ணாடியில் துளை இல்லை. ஆகவே அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்து முதலில் ஒரு சட்டம் கட்டுவர். பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு சுற்றிவரக் கண்ணி போட்டு வருவர். கண்ணி இறுக இறுகக் குறுக்கு நூல்கள் விளிம்புக்கு விலகும். நடுவே கண்ணாடி தெரியும். ஆங்கிலேயரின் எழுப்பிய வேலையில் துணியையே தொடாமல், நூலின்மேல் நூலாகக் கண்ணி போட்டு, ஓர் இதழையோ சட்டைக் கையையோ தனியே பின்னி எடுத்துப் பின்னர் ஒட்டித் தைக்கும் முறையும் உண்டு. மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வலை பின்னுகிறவனும் துணி இல்லாமல்தான் கண்ணி சமைக்கிறான். வலையிலே முடிச்சு உண்டு, இங்கே முடிச்சுக்குப் பதில் நூல் நூலைத் தழுவிச் செல்கிறது என்பதே வேறுபாடு. மீன்பிடிப்பவன் கையிலுள்ள வலையூசியும் அரண்மனைப் பெண் கையிலுள்ள வெள்ளி ஊசியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

தமிழருக்கு இத்தகைய தொழில் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் தொழிலாளர் தெருக்களை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அங்கே துன்னகாரர் என்னும் தையற்காரர் வருகின்றனர். துணியாகிய கிழியையும் நெட்டியாகிய கிடையையும் கொண்டு பலவகைத் தொழில் செய்வோரும் வருகின்றனர். துணியும் நெட்டியும் ஒருங்கே ஆளப்பட்ட கைத்தொழில் என்றால், அது தட்டையான வேலையாக மட்டும் இருந்திருக்குமோ? இளங்கோவடிகள் அவர்களை நகரின் சிறப்புக்களில் ஒன்றாக வைத்துப் பாடினார் என்பது கருதத்தக்கது. மன்னனையும் வணிகனையும் மட்டும் பாடி நின்றுவிடாமல், ஊசி பிடித்தவனுக்கும் அந்நகரில் ஓர் இருக்கை உண்டு என்று அவர் காட்டினார். பின்வந்த நாமோ அந்த இருக்கையை மறந்தோம்.

மேற்கே செல்வோம். இங்கிலாந்தில் 1649-இல் மன்னன் முதலாம் சார்ள்ஸ் தலை வெட்டுண்டு இறந்தான். அந்தக் கொந்தளிப்பான காலத்தில், வசதி படைத்த வீட்டுச் சிறுமியர் சிறு பெட்டிகளுக்கு வேண்டிய வெண்பட்டுத் துண்டுகளில் எழுப்பிய வேலை செய்துகொண்டிருந்தனர். விவிலியப் பெண்களின் கதைகள், அரசன், அரசி, சிங்கம், சிறுத்தை, பழமரம், கோட்டை ஆகியன அவற்றில் எழுந்தன. மனித உருவின் கைகளுக்குச் சிறு மரத்துண்டுகளைச் செதுக்கி வைத்தனர். கோட்டையின் சாளரத்துக்கு அப்பிரகத் தகடு வைத்தனர். கழுத்துக்குச் சிறு முத்துக்களைக் கோத்தனர். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் போர்த்துக்கேயரும், 1658-இன் பின் ஒல்லாந்தரும் ஆட்சி செய்து, முத்தை ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலமும் இதுவே.

அச்சிறுமியருள் ஹன்னா ஸ்மித் என்பவள் 1654-இல் தன் பெட்டிக்கான வேலையைத் தொடங்கி 1656-இல் முடித்தாள். எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை வயதில் இதனைச் செய்தேன் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அப்பெட்டி இன்று மான்செஸ்டர் நகரின் விட்வேர்த் காட்சிக்கூடத்தில் உள்ளது. மார்த்தா எட்லின் என்ற இன்னொரு சிறுமி 1671-இல், தன் பதினோராம் வயதில், தன் பெட்டியை முடித்தாள். அது அவள் வழிவந்த பெண்களிடையே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பேர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் இவ்விரு சிறுமியரின் பெயரையும் வயதையும் நாம் அறிவோம். காரணம் அவர்கள் மிகச் சிறந்த கலைஞர்கள் என்பதன்று. அவர்களுக்கு எழுதத் தெரிந்திருந்தது, பெட்டி இருந்தது, அந்தப் பெட்டியைக் காக்க ஒரு வீடும் இருந்தது.

நம் பக்கத்து நிலை வேறு. இந்தியாவில் பொற்கம்பித் தையல் பெரும் பட்டறைத் தொழிலாக வளர்ந்தது. அக்பரின் அரண்மனைப் பட்டறைகளில் இவ்வேலை நடந்ததை அபுல் பசலின் ஆயின்-இ-அக்பரி கூறும். துணியை மரச்சட்டத்தில் இறுகக் கட்டி, பல தொழிலாளர் சுற்றிலும் அமர்ந்து, வளைமுனையுள்ள ஆரி ஊசியால் மேலிருந்து குத்திக் கீழிருந்து நூலை வாங்கிச் செய்வது அது. இந்த வேலைக்கு உரிய சர்தோசி என்னும் பாரசீகச் சொல்லுக்குப் பொன்தையல் என்பதே பொருள். தஞ்சையில் மராட்டியர் காலத்தில் செழித்த ஓவியத்திலும் இதே எண்ணம் வேறு பொருளால் நிறைவேறியது. அங்கே பஞ்சுக்குப் பதில் சுண்ணமும் பசையும் சேர்ந்த மக்கு, அதன்மேல் பொற்றகடு, இடையிடையே கண்ணாடிக்கல். தேர்களில் தொங்கும் தொம்பைகளிலும் சீலைகளிலும் யாளியும் மயிலும் துணி ஒட்டுத் தையலால் உருப்பெற்றன. யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் அத்தகைய தொம்பைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவற்றின் கீழே தேர் செய்வித்த உபயகாரரின் பெயர் இருக்கும். தைத்தவரின் பெயர் இராது.

கண்டி இராச்சியத்தில் அரசனுக்கும் ஆலயத்துக்கும் பொன்னூல் வேலை செய்தவர்கள் அதனைப் பரம்பரை ஊழியமாகச் செய்தனர். கிராமத்து வீடுகளிலோ பருத்தி நூலால் வெற்றிலைப் பைகளையும் கைக்குட்டைகளையும் அழகுசெய்தனர். பொன் அரண்மனைக்கு, பருத்தி குடிசைக்கு என்ற பிரிவினை ஊசியிலும் இருந்தது. 1815-இல் இராச்சியம் வீழ்ந்தபின் அத்தொழிலாளரைத் தாங்குவார் இலர். அழிந்துகொண்டிருந்த அக்கலையை ஏட்டில் பதிந்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908-இல் வெளிவந்தது. அவருடைய முதல் மனைவி எதெல் இலங்கைத் தையல் வேலைகளைத் திரட்டி ஆராய்ந்தார்; பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவுக் கலைஞராக விளங்கினார். ஒரு தமிழர் சிங்கள மக்களின் ஊசிவேலையை இத்துணை அன்போடு பதிந்துவைத்தார் என்பது இன்று இரு இனத்தாரும் நினைக்க வேண்டிய செய்தி.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. நம் சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்க்கும் பொன்வண்டை அறியாதார் யார்? அதன் புறச்சிறகு கடினமானது. பச்சையும் நீலமுமாக மின்னுவது. அந்நிறம் சாயத்தால் அமையாமல் சிறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. ஆகவே நூறாண்டு சென்றாலும் மங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலும் ஐதராபாத்திலும் தொழிலாளர்கள் இச்சிறகைத் துளையிட்டு, மெல்லிய மஸ்லின் துணியில் பொற்கம்பியோடு சேர்த்துத் தைத்தனர். பூவின் இதழுக்கும் இலைக்கும் நிறநூல் வேண்டியதில்லை, சிறகே இலை. அத்துணிகள் கப்பலேறிச் சென்று வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் நடன உடைகளாயின.

1903 சனவரியில் தில்லியில் ஏழாம் எட்வேர்ட் முடிசூடியதைக் கொண்டாடும் தர்பார் நடந்தது. வைசிராய் கர்சன் பிரபுவின் மனைவி அன்று நடனத்துக்கு அணிந்த உடை உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. உடை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மயிற்பீலிகள். அனைத்தும் பொற்கம்பியால் எழுந்தவை. ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் ஒரு பொன்வண்டுச் சிறகு. துணித்துண்டுகளைத் தில்லித் தொழிலாளர் தைத்துக் கொடுத்தனர். பாரிசிலே வொர்த் என்னும் நிறுவனம் அதனை உடையாக்கியது. அணிந்தவர் பெயர் தெரியும், வெட்டிச் சேர்த்த நிறுவனத்தின் பெயர் தெரியும். இரவும் பகலும் குனிந்து அமர்ந்து சிறகு சிறகாகப் பதித்த மனிதர்களின் பெயரோ ‘இந்திய வேலைப்பாடு’ என்ற இரு சொற்களுள் புதைந்துவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1899-1900-இல், அதே வைசிராயின் ஆட்சியில் இந்தியாவின் பெரும்பகுதி கொடிய பஞ்சத்தில் துடித்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த மயிற்பீலியின் கண் நம்மை வேறு விதமாகப் பார்க்கும்.

இதனோடு லம்பாடி மக்களின் உடையை ஒப்பிட வேண்டும். மாட்டுப் பொதிகளில் உப்பும் தானியமும் சுமந்து நாடெங்கும் திரிந்தவர்கள் அவர்கள். இரயில்பாதை வந்தது, அவர்கள் பிழைப்புப் போயிற்று. 1871-இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் இத்தகைய நாடோடி மக்கள் பலர்மீது பிறவிக் குற்றவாளி என்னும் முத்திரையைக் குத்தியது. அவர்களுடைய பெண்கள் தம் உடையில் கண்ணாடியையும் சோழியையும் காசையும் பதித்தனர். யாருடைய கட்டளைக்கும் அன்று, தமக்காகவே செய்துகொண்டனர். வீடில்லாதவளுக்கு உடையே பெட்டகம். அதில் தைத்த காசே சேமிப்பு. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மறைந்துகொண்டிருந்த அத்தையலை லம்பாடிப் பெண்கள் மீண்டும் கற்று, ‘போர்கை’ என்னும் அமைப்பாகச் சேர்ந்து விற்று வருகின்றனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள்.

ஆகவே புடைப்புத் தையலைப் படிக்கும் முறை நமக்கு இப்போது புலனாகிறது. அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பதித்த பொருள் எது, அது எவ்வாறு அங்கே வந்தது, தைத்தவர் பெயர் எங்கே என்று மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். முத்து கடல் வாணிகத்தைச் சொல்லும். வண்டின் சிறகு பேரரசைச் சொல்லும். சோழியும் காசும் வீடற்ற வாழ்வைச் சொல்லும். பதித்த பொருள் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

இச்சாட்சியத்தை அறிந்தே பயன்படுத்திய பெண்களும் உலகில் உண்டு. தென்னமெரிக்க நாடான சிலியில் 1973 செப்டெம்பர் 11-ஆம் நாள் பினோசே என்னும் படைத்தளபதி ஆட்சியைப் பறித்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அயெந்தே அன்றே மாண்டார். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலர் திரும்பவில்லை. சிறை வாசல்களிலும் பிணவறை வாசல்களிலும் கணவனையும் மகனையும் தேடி நின்ற பெண்கள், 1974 முதல் தேவாலயங்களின் ஆதரவில் ஒன்றுகூடித் தைக்கத் தொடங்கினர். சாக்குத் துணியே அடித்தளம். பழந்துணித் துண்டுகளே நிறம். பஞ்சு அடைத்த சிறு பொம்மைகளைத் துணிமேல் எழுந்து நிற்கத் தைத்தனர். தீக்குச்சியையும் சிறு மரத்துண்டையும் பொருத்தினர். சிலர் காணாமற்போனவரின் சட்டைத் துண்டையே வெட்டி வைத்தனர். அதன் பெயர் அர்பிய்யேரா. சாக்குத் துணி என்பதே அதன் பொருள். மூடிய தொழிற்சாலை, பொதுச் சமையல், கையில் படத்தோடு நிற்கும் தாய், ‘எங்கே அவர்கள்?’ என்னும் வினா ஆகியவை அதில் இடம்பெற்றன. பத்திரிகைகள் வாய் மூடியிருந்த நாளில் அத்துணிகள் மறைவாக வெளிநாடு சென்று சிலியின் செய்தியைச் சொல்லின. தைத்தவர் வீட்டில் அடுப்பும் எரிந்தது.

அவர்களும் பெயர் எழுதவில்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது. ஆனால் தில்லித் தொழிலாளியின் பெயரின்மையும் சிலித் தாயின் பெயரின்மையும் ஒன்றல்ல. முன்னது பிறர் பறித்தது. பின்னது உயிரைக் காக்கத் தானே பூண்டது.

இனி நம் கரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்வியும் ஊசியும் ஒன்றாகவே வந்தன. அமெரிக்க மிஷனரியார் 1824-இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். திருக்குடும்பக் கன்னியர் 1862-இல் யாழ்ப்பாணம் வந்தனர். எழுத்தோடும் வேதப்பாடத்தோடும் தையலும் கற்பிக்கப்பட்டது. அடக்கமான மனைவியை ஆக்குவதற்கென்றே அந்தப் பாடம் வகுக்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், வாங்கிய கை அதனைத் தன் நோக்கத்துக்குத் திருப்பிக்கொண்டது. நாஞ்சில் நாட்டில் மார்த்தா மோல்ட் அம்மையார் 1820-களில் கற்பித்த பின்னல் வேலையால் பொருள் ஈட்டி, அடிமைப் பெண்கள் தம்மையே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட வரலாறு உண்டன்றோ?

அவ்வாறு சேர்ந்த கைவேலை நம் ஊர்களில் எவ்வளவு இருந்திருக்கும்! 1990 யூனில் போர் மூண்டபோது மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கூறைச் சேலையும் திருவிழாச் சீலையும் தலையணை உறையும் பெட்டகத்தோடு அங்கேயே நின்றன. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் மக்களிடம் மீண்டன, பிற பகுதிகள் சிறிது சிறிதாக வந்தன, முழுவதும் வந்துவிடவில்லை. இருபத்தேழு ஆண்டு கழித்துத் திரும்பியவர் கண்டது பற்றையும் இடிபாடும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று நாம் கணக்குச் சொல்லி அழுகிறோம். அழவேண்டியதுதான். ஆனால் பெண்கள் துணியில் எழுதிய நூல்கள் எத்தனை அழிந்தன என்று கணக்கெடுப்பதற்கு, அவற்றின் பட்டியலே எக்காலத்திலும் இருந்ததில்லை.

இன்று அந்த ஊசி வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. மணப்பெண்ணின் சட்டையில் ஆரி வேலை இல்லாத கலியாணம் யாழ்ப்பாணத்தில் குறைவு. மரச்சட்டத்தில் துணியை இறுகக் கட்டி, அடியில் நூலோ பஞ்சோ வைத்து எழுப்பி, மணியும் கல்லும் சமிக்கியும் பதித்து, இளம் பெண்கள் நாள்கணக்கில் குனிந்திருக்கின்றனர். முகாமில் பிறந்து வளர்ந்தவரும் அவர்களுள் உண்டு. குடும்பத்தைத் தனித்துத் தாங்குபவரும் உண்டு. அவர்கள் கையிலிருப்பது அக்பரின் பட்டறையில் இருந்த அதே ஊசி. அவர்களுடைய கண்ணும் முதுகும் தேய்வதற்கு உரிய கூலி கிடைக்கிறதா என்பதே முதல் வினா. இடையில் நிற்பவர் விலை பேசும் வரையில் அது கிடைக்காது. சிட்டிலிங்கிப் பெண்களைப் போலத் தாமே சேர்ந்து, தாமே விலை வைக்கும் சங்கம் வேண்டும்.

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. இத்துணை நுட்பம் கைவந்தவர்கள் மயிலும் மாங்காயும் மட்டுந்தான் தைக்க வேண்டுமா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தைத் தமிழர் யாவரும் அறிவர். காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி நிற்கும் அந்தக் கைகளுக்கு, சிலியின் சாக்குத் துணி அயல்நாட்டுச் செய்தி அன்று. கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளம், முள்வேலி, பூட்டிய வீடு, திரும்பிய துறைமுகம் ஆகிய அனைத்தும் ஊசிக்குக் காத்திருக்கின்றன. வலை நூலின் ஒரு துண்டும், பழைய சட்டையின் ஒரு பொத்தானும், கரையில் பொறுக்கிய ஒரு சோழியும் முத்தைவிட வலிய சாட்சியம் சொல்லும்.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரிலே எஞ்சியிருக்கும் பழைய தையல் வேலைகளைத் தேடி, அவை யார் வீட்டில் உள்ளன, எந்த ஆண்டில் செய்யப்பட்டன, என்ன பொருள் பதித்துள்ளது என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். அப்பதிவேட்டின் முதல் நிரலில் தைத்தவர் பெயர் இருக்கட்டும். ஹன்னா ஸ்மித் என்னும் சிறுமி தன் பெட்டிக்குள் வைத்த சீட்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே. தேரின் தொம்பையிலும், மணச்சட்டையின் உட்புறத்திலும், கண்காட்சிக்கு வைக்கும் துணியின் ஓரத்திலும் ஊசி பிடித்தவர் தம் பெயரை நாலெழுத்தில் தைக்கட்டும். பொன்னை உயர்த்திக் காட்டிய பஞ்சு இத்தனை காலம் உள்ளே மறைந்து கிடந்தது போதும்.